ஊசி போடச் சொல்லட்டுமா?



சம்பளம், நிலுவை, வீடு, காணி என்று எழுதிவந்த இந்தப் பக்கத்தில் இந்த மாதம் பிள்ளைகளுக்கு மருந்து கொடுப்பது பற்றி எழுதுகிறேன். "இதெல்லாம் ஒரு சங்க விஷயமா டீச்சர்?" என்று தோட்டக் கமிட்டித் தலைவர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். கடைசிவரை படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

போன தவணையில் எங்கள் பாடசாலைக்குச் சுகாதாரப் பகுதியினர் வந்தார்கள். முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பரிசோதிப்பது நாடு முழுவதும் உள்ள வழமை. நிறை எடுப்பார்கள், உயரம் அளப்பார்கள், கண், பல், காது பார்ப்பார்கள். முதலாம் வகுப்புக்கு அன்று ஊசியே கிடையாது. ஆனாலும் வெள்ளை வான் வளைவில் திரும்பியதும் 19 பிள்ளைகளில் ஆறு பேரைக் காணவில்லை. இரண்டு பேர் மலசலகூடத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூன்று பேரைத் தேயிலைக்குள் இருந்து கூட்டிவந்தோம். ஒரு பெண்பிள்ளை மட்டும் என் மேசைக்கடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குனிந்து பார்த்தேன். அழவில்லை. ரொம்ப நியாயமாக ஒரு கேள்வி கேட்டாள்:

"நா இன்னிக்கி ஒரு குழப்படியும் செய்யலையே டீச்சர். எனக்கு ஏன் ஊசி?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஊசி என்பது குழப்படி செய்தால் கிடைக்கும் அடி என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறாள். அதை அவளுக்கு டொக்டர் சொல்லிக்கொடுக்கவில்லை. நாம்தான் சொல்லிக்கொடுத்தோம். "சோறு திங்கலேன்னா ஊசி போடச் சொல்லட்டுமா?" "சத்தம் போட்டா டொக்டர் ஐயாகிட்ட புடிச்சுக் குடுத்துருவேன்." எந்த லயத்திலும் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது கேட்கும் பேச்சு இது. பிள்ளைக் காம்பராவிலும் கேட்கும், பாடசாலையிலும் கேட்கும். என் மகன் மூன்று வயதில் மண்ணைத் தின்றபோது நானும் இதையேதான் சொன்னேன். பூச்சியாண்டி வேலை செய்யாத வயதில் ஊசி வேலை செய்கிறது, அதனால் சொல்கிறோம். பிறகு ஒரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். அதே டொக்டரிடம் தூக்கிக்கொண்டு போய், "பயப்படாத, மாமா நல்லவரு" என்போம். பிள்ளை எதை நம்பும்?

நம்முடைய பிள்ளைகள் பயந்தாங்கொள்ளிகள் இல்லை. பனியில் குறுக்குப்பாதையால் இரண்டு மைல் நடந்து பள்ளிக்கு வருகிறார்கள். காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இரத்தம் வழிய வழிய ஓடிவந்து வரிசையில் நிற்கிறார்கள். அட்டைக் கடியைத் தாங்கும் பிள்ளைக்கு ஊசியின் வலி பெரிதாகத் தெரியப்போவதில்லை. அவர்கள் பயப்படுவது வேறு விஷயங்களுக்கு: என்ன நடக்கப்போகிறது என்று யாரும் சொல்லாதது, நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிப்பது, அம்மாவைப் பார்க்க முடியாமல் போவது.

இந்தப் பயத்துக்குப் பழைய வேர் ஒன்று இருக்கிறது என்பது என் எண்ணம். மருந்து நம் மக்களிடம் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். என் அப்பாயியின் தாயார் மண்டபம் முகாம் வழியாக இந்த நாட்டுக்கு வந்தவர். கப்பல் ஏறுவதற்கு முன் அங்கே ஆட்களைச் சில நாள் மறித்து வைத்து, அம்மை குத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விடுவார்கள். இந்த நாட்டில் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென்று 1872இலேயே ஒரு கட்டளைச் சட்டம் வந்தது, 1912இல் மீண்டும் சட்டம் செய்தார்கள். ஆள் செத்தாலும் படுத்தாலும் வேலைக்கு ஆள் இல்லை என்ற கணக்கு அதற்குள் இருந்தது. 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கி, 1922 வரை பல தோட்டங்களில் நடத்தியது. சீனோபோடியம் என்ற எண்ணெய்தான் அப்போது மருந்து. நாற்றம் பிடித்தது, தலை சுற்ற வைப்பது, அளவு கூடினால் ஆபத்தானது. அதோடு பேதி மருந்தும் உண்டு. பெரட்டில் ஆளை நிறுத்திப் பேர் கூப்பிடுவதுபோலவே மருந்தும் வரிசையில் நின்று வாங்கிக் குடிக்க வேண்டியதாக இருந்தது.

அந்த மருந்து தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கொக்கிப்புழு நம் ஆட்களின் இரத்தத்தைக் குடித்தது உண்மை, மருந்து அதை வெளியேற்றியதும் உண்மை. ஆனால் மலசலகூடம் போதிய அளவு கட்டாததால் புழு திரும்பத் திரும்ப வந்தது. ஏன் இதைக் குடிக்க வேண்டும், குடித்தால் என்ன செய்யும், எப்போது சுகமாகும் என்று வரிசையில் நின்ற தாயிடம் உட்கார்ந்து பேசியவர்கள் குறைவு. கட்டளையாக வந்த மருந்தை நம் பாட்டிமார் கட்டளையாகவே பிள்ளைக்குக் கொடுத்தார்கள். மூக்கைப் பொத்து, வாயைத் திற, ஊற்று. இன்றைக்கும் பல வீடுகளில் அதே முறைதான்.

அடுத்தது மொழி. எனக்கு ஆறு வயதிருக்கும்போது காதில் சீழ் வடிந்தது. அம்மா மலைக்குப் போய்விட்டதால் அப்பாயிதான் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். டொக்டர் ஒரு பெண். நல்ல மனுஷி என்று இப்போது தெரிகிறது. என் கன்னத்தைத் தடவி, "பய வென்ன எபா, பய வென்ன எபா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குச் சிங்களம் தெரியாது. காதில் விழுந்தது "பய" மட்டும்தான். பயப்படு என்கிறார் என்று நினைத்து, மேசையை விட்டுக் குதித்து வாசல்வரை ஓடினேன். ஒரு நேர்ஸும் சிற்றூழியர் ஒருவரும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பயப்படாதே என்றுதான் அவர் சொன்னார் என்பது, வருடங்கள் போய், நான் சிங்களம் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்த அம்மாவின் அன்பும் வீண், என் அழுகையும் வீண். நடுவில் இரண்டு மொழியும் தெரிந்த ஓர் ஆள் இருந்திருந்தால் போதும்.

1999இல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் ஹல்துமுல்லை, பண்டாரவளை உட்படப் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் மருந்து உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வரும் தாய்மார் இருக்கிறார்கள். உறையில் "உதே", "ரே" என்று சிங்களத்தில் இருக்கும், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து இருக்கும். பீ.டி. என்றால் நாளுக்கு இரண்டு தடவை, டீ.டீ.எஸ். என்றால் மூன்று தடவை. இது தெரியாமல் போவது தாயின் குறை இல்லை.

அதனால் மருந்து கொடுக்கும் யன்னலில் வெட்கப்படாமல் நின்று கேளுங்கள். பின்னால் வரிசை முணுமுணுக்கும், முணுமுணுக்கட்டும். ஒவ்வொரு உறையிலும் காலைக்கு ஒரு சூரியன், பகலுக்குத் தலைக்கு மேலே ஒரு சூரியன், இரவுக்கு ஒரு நிலா என்று பேனையால் கீறிக்கொள்ளுங்கள். எத்தனை குளிசையோ அத்தனை புள்ளி வையுங்கள். என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். வீட்டுக்குப் போய் அப்பாயியின் பிரஷர் குளிசை உறையில் எல்லாம் படம் கீறிவிட்டார்கள். தன் மருந்துக்குத் தானே நிலா கீறிய பிள்ளை, இரவில் "அம்மா, நெலா மருந்து" என்று தானாகவே கேட்கும்.

இனி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் தடுப்பூசியின் வலியைக் குறைப்பது பற்றி எல்லா நாடுகளுக்கும் சில ஆலோசனைகளைச் சொன்னது. படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காசு போகும் காரியம் அதில் அநேகமாக எதுவுமே இல்லை. பிள்ளையைப் படுக்கவைத்து அமுக்காமல், தாயோ தகப்பனோ மடியில் வைத்து அணைத்துப் பிடிக்க வேண்டும். பால் குடிக்கும் குழந்தைக்கு ஊசி போடும் நேரத்திலோ அதற்குச் சற்று முன்போ தாய்ப்பால் கொடுக்கலாம். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளை நேராக உட்கார்ந்திருக்கலாம். கவனத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டும். ஒரே நாளில் இரண்டு மூன்று ஊசி என்றால் அதிகம் வலிக்கும் ஊசியைக் கடைசியில் போட வேண்டும். "வலிக்கவே வலிக்காது" என்ற பொய்யும் கூடாது, "இந்தா குத்தப்போறாங்க" என்ற அறிவிப்பும் கூடாது.

பொய் சொல்லக் கூடாது என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். கடைக்குப் போகிறோம், டொபி வாங்கப் போகிறோம் என்று பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினால், அடுத்த முறை உண்மையாகவே கடைக்குப் போகும்போதும் அந்தப் பிள்ளை பஸ்ஸில் ஏறாது. சின்னப் பிள்ளைக்கு அன்று காலையில் சொன்னால் போதும். பெரிய பிள்ளைக்கு முதல் நாள் இரவே சொல்லிவிடலாம். "ஒனக்கு இருமல் வருதுல்ல, டொக்டர் நெஞ்சுல கொழாய வச்சுக் கேப்பாரு. வாயத் தொறக்கச் சொல்லுவாரு. ஊசி இருக்குமான்னு எனக்குத் தெரியாது. இருந்தா கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், சட்டுன்னு முடிஞ்சிரும். நா மடியில வச்சிக்கிறேன்." இவ்வளவு பேச்சுப் போதும். ஊசி இருக்குமா என்று தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். பிள்ளைகள் அதைப் பொறுத்துக்கொள்வார்கள், ஏமாற்றினால்தான் பொறுக்கமாட்டார்கள்.

ஊசி போடும் நேரத்தில் என்ன செய்வது என்று கேட்டால், என் வகுப்பில் நாங்கள் அடுப்பு ஊதிப் பழகுகிறோம். ஊதாங்குழலால் அம்மா நெருப்பை ஊதுவதுபோல நீளமாக, மெதுவாக ஊத வேண்டும். நெருப்பு பிடிக்கும்வரை விடக் கூடாது. அழுதுகொண்டே நீளமாக ஊத முடியாது, முயன்று பாருங்கள்.

வகுப்பில் டொக்டர் விளையாட்டும் வைத்தேன். பப்பாசித் தண்டில் குழாய், கடதாசியில் மருந்துத் துண்டு, ஒரு துணிப் பொம்மைதான் நோயாளி. (வெற்று ஊசிக்குழாயை எங்கிருந்தாவது பொறுக்கி வந்து விளையாட விடாதீர்கள், அது ஆபத்து.) முதல் நாள் டொக்டராக இருந்த பொடியன் பொம்மையின் முகத்தைக்கூடப் பார்க்காமல், "அழாத! வாயப் பொத்து! அடுத்த ஆள் வா!" என்று கத்தினான். மற்றப் பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. டொக்டர் என்றால் அப்படித்தான் என்று இருந்தார்கள். எல்லா வைத்தியரும் அப்படி இல்லை. ஆனால் ஒரு காலையில் இருநூறு பேரைப் பார்க்க வேண்டிய வைத்தியருக்கும், மொழி தெரியாத தாய்க்கும் நடுவில் பிள்ளை எதைப் பார்த்துப் பழகியிருக்கிறது என்பது அந்த விளையாட்டில் தெரிந்தது. இப்போது எங்கள் வகுப்பு டொக்டர்மார் முதலில் பொம்மையின் பேரைக் கேட்கிறார்கள்.

மருந்து கொடுப்பதில் நாம் செய்யும் சில காரியங்கள் உயிருக்கே ஆபத்தானவை. மூக்கைப் பொத்தி ஊற்றினால் மருந்து வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். அழும்போதும் படுத்திருக்கும்போதும் ஊற்ற வேண்டாம். நிமிர்த்தி உட்காரவைத்து, ஊசி இல்லாத மருந்துக் குழாயால் கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பாமசியில் சின்னக் காசுக்கு அது கிடைக்கும். வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. போத்தலோடு வரும் மூடியால் அல்லது குழாயால்தான் அளக்க வேண்டும். பால் போத்தலுக்குள் மருந்தைக் கலந்தால், பிள்ளை பாதிப் பாலை விட்டுவிட்டால் எவ்வளவு மருந்து போனது என்று யாருக்கும் தெரியாது. கசப்பு மருந்து குடித்த பிறகு ஒரு வாய் பிளேன்டீயோ ஒரு துண்டு வாழைப்பழமோ கொடுக்கலாம். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கூடாது.

குளிசையை டொபி என்று சொல்லிக் கொடுப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்குத் தரும் இரும்புச்சத்துக் குளிசை நம் எல்லா லயங்களிலும் இருக்கிறது, பெரும்பாலும் யன்னல் கட்டையிலேயே இருக்கிறது. டொபி என்று பழகிய மூன்று வயதுப் பிள்ளை அதில் ஒரு கை அள்ளி விழுங்கினால் உயிரே போகலாம். மருந்தை மருந்து என்றே சொல்லுங்கள், எட்டாத உயரத்தில் வையுங்கள்.

காய்ச்சலுக்குக் கொடுக்கும் பெனடோலும் டிஸ்பென்சரியில் தரும் பரசிட்டமோலும் ஒரே மருந்துதான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகும். வயதைவிட நிறைதான் முக்கியம், ஆகவே கிளினிக் கொப்பியில் உள்ள நிறையைக் காட்டி அளவைக் கேளுங்கள். டெங்கு பரவும் காலத்தில் இபுபுரோபன், டைக்குளோபெனாக், அஸ்பிரின் போன்றவற்றை நாமாகவே கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது. வயிற்றோட்டத்துக்கு ஜீவனியை மடமடவென்று குடிக்கவைத்தால் பிள்ளை வாந்தி எடுக்கும், கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும்.

நம் மலைக் குளிருக்கும் அடுப்புப் புகைக்கும் இழுப்பு இல்லாத லயம் இல்லை. ஆனால் பம்ப் என்றால் பயம். "பழகிப்போனா விடமுடியாது டீச்சர்." அப்படி இல்லை. உறிஞ்சும் மருந்து குளிசையைவிடக் குறைந்த அளவில், நேராக நெஞ்சுக்குப் போகிறது. சின்னப் பிள்ளைகள் பயப்படுவது அந்தப் பம்பின் "புஸ்" சத்தத்துக்கும் முகமூடிக்கும்தான். முதலில் அம்மாவின் முகத்தில், பிறகு பொம்மையின் முகத்தில், பிறகு தன் முகத்தில் என்று சுகமாக இருக்கும் நாளிலேயே வைத்துப் பழக்குங்கள். பம்போடு வைக்கும் குழாய் வாங்கக் காசில்லாவிட்டால், 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் துளை போட்டு, பம்பை அதில் காற்றுப் போகாமல் பொருத்தினாலும் வேலை செய்யும். தென் ஆபிரிக்க வைத்தியர்கள் இழுப்புள்ள பிள்ளைகளிடம் பரிசோதித்து 1999இல் எழுதியிருக்கிறார்கள். நீங்களாகச் செய்யாமல் டிஸ்பென்சரியிலோ கிளினிக்கிலோ கேட்டு, அவர்கள் காட்டித் தந்தபடி செய்யுங்கள்.

இனித்தான் கமிட்டித் தலைவரின் கேள்விக்கு வருகிறேன்.

என் நான்காம் வகுப்பில் ஒரு பிள்ளை ஒரு வாரமாகப் பகல் இடைவேளையில் வீட்டுக்குப் போக அனுமதி கேட்டாள். "தம்பிக்கு மருந்து குடுக்கணும் டீச்சர்." ஒன்பது வயது. சட்டைப் பைக்குள் அந்த அளவு மூடியைத் துடைத்துப் பத்திரமாக வைத்திருந்தாள். காலை மருந்தை அம்மா கொடுக்கிறாள், இரவு மருந்தையும் அம்மா கொடுக்கிறாள். பகல் மருந்து இருக்கிறதே, அதற்கு அம்மா மலையில், அப்பா கொழும்பில். தாத்தாவுக்குக் கண் தெரியாது. தம்பி துப்பிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "இன்னொரு மூடி ஊத்துவேன்." ஐந்து நாளைக்கு வரவேண்டிய கிருமி மருந்து மூன்றாம் நாளே முடிந்துவிட்டது. மிச்ச இரண்டு நாளும் அந்தப் பிள்ளைக்கு மருந்து இல்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போக இன்னொரு நாள் பேர் போகும் என்பதால் அம்மா போகவில்லை. கிருமி மருந்தைப் பாதியில் விடக் கூடாது என்று கிளினிக்கில் சொன்னார்களாம். சொன்னார்கள்தான். நாளுக்கு மூன்று முறை என்று எழுதுகிறவருக்கு, பகலில் அந்த லயத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

பண்டாரவளைக்கோ கொஸ்லந்தைக்கோ பிள்ளையைக் கொண்டுபோனால் அந்த நாள் போய்விடும். 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அதுவும் போய், பஸ் காசும் போய், சிலவேளை திரும்பி வர ஆட்டோக் காசும் போகும். ஆகவே தாய் என்ன செய்கிறாள்? ஒரு நாள் பார்க்கிறாள். கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறாள், நெஞ்சில் தைலம் தேய்க்கிறாள், இன்னொரு நாள் பார்க்கிறாள். சம்பள நாள் கிட்ட வந்தால் மூன்றாம் நாளும் பார்க்கிறாள். நாலாம் நாள் பிள்ளை மூச்சு வாங்கும்போது தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். முதல் நாளே போயிருந்தால் ஒரு போத்தல் பாணி மருந்தோடு முடிந்திருக்கும். நாலாம் நாள் போனதால் கையில் சேலைன், இரத்தம் எடுத்தல், வார்ட், முகமூடி எல்லாம் வருகிறது. பிள்ளைக்கு ஆஸ்பத்திரி என்றால் அதுதான் ஞாபகம். அடுத்த முறை இன்னும் கத்தும். கத்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறத் தாய் தயங்குவாள், இன்னும் ஒரு நாள் பிந்தும். மேசைக்கடியில் ஒளிந்த பிள்ளையின் பயத்தில் செக்ரோலுக்கும் ஒரு பங்கு இருக்கிறது தோழரே.

தகப்பன்மாரிடமும் ஒரு வார்த்தை. கிளினிக் வரிசையில் நான் ஆண்களைக் காண்பது அபூர்வம். வந்தாலும் வெளியே ஆட்டோவுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். "ரத்தத்தப் பாத்தா எனக்குத் தல சுத்தும் டீச்சர்" என்று ஒரு கவ்வாத்துக்காரர் சொன்னார். கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது.

சங்கத்தின் பக்கத்திலிருந்து நாம் மூன்று விஷயங்களை எழுதிக் கொடுக்கப்போகிறோம். முதலாவது, கிளினிக் கொப்பியோ ஆஸ்பத்திரித் துண்டோ காட்டினால், பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் கொண்டுபோன நாளுக்குத் தாய்க்கோ தகப்பனுக்கோ ஆகக்குறைந்தது அரைப்பேராவது விழ வேண்டும், முழுநாள் இருந்தால் முழுப்பேர். துரைமார் சிலர் இப்போதும் நல்ல மனதோடு பேர் போடுகிறார்கள். நல்ல மனது மாற்றலாகிப் போனால் பேரும் போய்விடுகிறது, அதனால் எழுத்தில் வேண்டும். இரண்டாவது, பிள்ளைக் காம்பராவில் இருப்பவர்களுக்குப் பகல் மருந்து கொடுக்கப் பயிற்சியும் அனுமதியும் வேண்டும், யார் எத்தனை மணிக்குக் கொடுத்தார் என்று எழுத ஒரு கொப்பி வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளையின் சட்டைப் பையில் இருக்க வேண்டிய பொருள் இல்லை அந்த மூடி. மூன்றாவது, பிள்ளைகளின் கிளினிக் நடக்கும் நாட்களில் தமிழ் பேசும் ஓர் ஆள் இருக்க வேண்டும், உறையில் தமிழிலும் எழுத வேண்டும். இதைப் பிரதேச செயலகத்திலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் கொடுப்போம்.

பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பணியத்திலும் சிங்களம் தெரிந்த அக்காமார், ஓ.எல்., ஏ.எல். முடித்த தங்கைமார் இருக்கிறார்கள். மாதர் அணி அவர்களின் பேரையும் போன் நம்பரையும் எடுத்து வைத்தால், கூடப் போக முடியாவிட்டாலும் போனிலாவது டொக்டரிடம் பேசித் தருவார்கள். அவசரம் என்றால் 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு கேட்கமாட்டார்கள். மழைக்காலத்தில் நம் பாதை எப்படி ஆகும் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2014இல் மீரியாபெத்தையையும் 2023இல் கபரகலையையும் பார்த்தவர்கள் நாம். கிளினிக் கொப்பி, தடுப்பூசிப் பதிவு, பிள்ளை குடிக்கும் மருந்தின் பேர் எழுதிய துண்டு மூன்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு, எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய இடத்தில் வைத்திருங்கள்.

அந்தப் பெண்பிள்ளை கடைசியில் மேசைக்கடியிலிருந்து வந்தாள். நான் கூப்பிட்டு வரவில்லை. குடும்பநல மாது தரையில் உட்கார்ந்து, தன் கழுத்துக் குழாயை மேசைக்கடியில் நீட்டி, "டீச்சரோட நெஞ்சு சத்தம் கேக்குதான்னு பாத்துச் சொல்லு" என்றார். பிள்ளை காதில் வைத்துக் கேட்டுவிட்டு, எனக்கு ஓட்டம் ஓட்டமாக அடிக்கிறது என்றாள். பயந்திருக்கிறீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு தானாகவே போய்த் தராசில் ஏறி நின்றாள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது கிளினிக் கொப்பியைக் கொண்டுவாருங்கள். போன ஆறு மாதத்தில் பிள்ளையின் மருந்துக்காக எந்தெந்தத் திகதியில் பேர் போனது என்று ஒரு துண்டில் எழுதி வாருங்கள். ஞாபகம் இல்லாவிட்டால் பழைய மருந்து உறைகளைத் தேடிப் பாருங்கள், அதில் திகதி இருக்கும். அடுப்பில் போட்டுவிட வேண்டாம்.